நிலைவாசலில் நின்றவர்

கடையில் அவருக்கு 'நல்லாருக்கு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும் ஞாபகம் வைத்திருந்தார். துணிக்கடையின் முதல் மாடியில், சட்டைத்துணிப் பிரிவில், தலை நரைக்கும் வரை நின்றுகொண்டே வேலை பார்த்தவர். வந்தவர் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் போதும், இவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். ஒல்லியானவருக்கும் நல்லாருக்கு, குண்டானவருக்கும் நல்லாருக்கு. தொந்தியை ஊருக்கே அறிவிக்கிற குறுக்குக்கோட்டுத் துணியை ஒருவர் ஆசையாகத் தூக்கிப் பிடித்தால் அதற்கும் நல்லாருக்குதான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். நம்பாதீர்கள். இவர் வீட்டில் அடுப்பு எரிந்ததும் இரண்டு பிள்ளைகள் படித்ததும் அந்த ஒரு பொய்யால்தான்.

அதற்காக ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரில் நிற்பவர் முகம் சுருங்கினால் மனிதருக்குத் தாங்காது, அவ்வளவுதான். அவருக்கு ஆகாதவர்கள் என்று ஒரே ஒரு ரகம் உண்டு. அலமாரியில் இருப்பதையெல்லாம் இறக்கச் சொல்லி, கட்டுக் கட்டாகப் பிரிக்க வைத்து, மேஜைமேல் மலையாகக் குவிந்த பிறகு, "சரி, அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவர்கள். அவர்கள் படி இறங்கும் வரை சிரித்தபடி நின்றுவிட்டு, பிறகு அத்தனையையும் ஒவ்வொன்றாக மடித்து அடுக்குவார். "அவங்க வீட்டுல என்னிக்காவது துணி மடிச்சிருந்தா இப்படிப் பண்ண மாட்டாங்க" என்பார். அவருடைய கோபத்தின் உச்சமே அதுதான்.

நோய் வந்ததும் அந்த மடிப்பில்தான் தெரிந்தது. வலது கை நடுங்கி, துணியின் ஓரமும் ஓரமும் சேரமாட்டேன் என்றது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னபோது, புதிதாகச் சந்தைக்கு வந்த துணியின் பெயரைக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு முகம் இறுகியது. சிரிப்பை முதலாகப் போட்டுப் பிழைத்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே சிரித்தாலும் முகம் சுவர்போல இருந்தது. கடையை விட்டு நின்றார். அதன் பிறகு கால்.

கால் என்றால் எப்போதும் இல்லை. வெட்டவெளியில் குறுகிய அடி வைத்துப் போய்விடுவார். ஒரு கதவு வந்தால் தீர்ந்தது. நிலைக்கு முன்னால் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இவர் நட என்பார், அது கேட்காது. கடலைத் தாண்டினவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். இவரிடம் கேட்டால், கடல் பரவாயில்லை, வாய்க்கால்தான் கஷ்டம் என்று சொல்லியிருப்பார்.

அந்தக் காலை அசைக்கும் வழியைக் கண்டுபிடித்தது மனைவிதான். அவள் மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தவள். ஒருநாள் அவசரத்தில் அவருக்குக் குறுக்கே தன் காலை நீட்டிவிட்டாள். அவர் அதைத் தாண்டினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கதவு வந்தால் அவள் முன்னால் போய்த் தன் காலை அவர் காலுக்குக் குறுக்கே வைப்பாள். "தாண்டுங்க" என்பாள். அவர் தாண்டுவார். வங்கியில், ஆஸ்பத்திரியில், லிஃப்டில், குளியலறையில், எங்கும் அவளுடைய கால் அவருக்கு முன்னால் கிடந்தது. சிலசமயம் தாண்டாமல் மிதித்துவிடுவார். அவளுடைய சுண்டுவிரல் நகம் கறுத்தே போயிற்று. மருந்துக்கடை வேலையை விட்டாள். முடியவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. முடிகிறதா என்று இவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே.

போன மழைக்காலத்தில் குளியலறை வாசலில் அவள் காலை நீட்ட, அவர் தூக்க வேண்டிய காலைத் தூக்காமல் உடம்பை மட்டும் முன்னால் சாய்த்தார். இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர் அவள்மேல் விழுந்ததால் அவருக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

அறுவை முடிந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறையில் கட்டில் போட்டார்கள். அவருக்குக் கூடத்தில் நாற்காலி. நடுவில் ஒரு கதவு. நாற்காலியில் உட்கார்ந்தால் கதவு வழியாக அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். போர்வைக்குள் அவை அசைந்தால் முழித்திருக்கிறாள் என்று அர்த்தம். மகள் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். காலையில் வந்து இரண்டு பேருக்கும் வேண்டியதைச் செய்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் மறுபடி வருவாள். நடுவில் கூடத்தில் ஒருவர், அறையில் ஒருவர். கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

"இப்படியே ஓட்ட முடியாதுப்பா" என்று மகள் ஒருநாள் சொல்லிவிட்டாள். "அம்மா என் வீட்டுக்கு வரட்டும். நீங்க தம்பிகிட்ட போயிடுங்க. அவன் வீட்டுல லிஃப்ட் இருக்கு, ஆள் இருக்கு."

மகன் இருப்பது வேறு ஊர். ஒரு ராத்திரி ரயில் தூரம்.

"ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வச்சுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"எங்கே வைக்கிறது? என் வீட்டுல இருக்கிறது ஒரு ரூம். நீங்க எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடிஞ்சா சொல்லுங்க, நான் இந்தப் பேச்சையே எடுக்கலை. ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. எனக்கு மட்டும் உங்களைப் பிரிக்கணும்னு ஆசையா?"

அவள் கேட்டது நியாயம். கல்யாணமான நாளிலிருந்து பிரியாத இரண்டு பேர், இந்த வயதில் பிரிவதா? பயம் வர வேண்டும். அழுகையாவது வர வேண்டும். அவர் உள்ளே தேடிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்தை நாக்கால் தடவினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இடம் இருக்கிறது, வலி இல்லை. அவள் விழுந்த நாளிலிருந்தே அப்படித்தான். "தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன முழம் என்ன" என்று முனகினார். ஆனால் அவள் இல்லாத கூடத்தில் உட்கார முடியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நரம்பு டாக்டர், புதிதாக ஒரு பட்டை வந்திருக்கிறது, கட்டிப் பாருங்கள் என்றார். இரண்டு கெண்டைக்காலிலும் ஒவ்வொரு பட்டை. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி அதில் தைத்திருக்கும். அது வலது காலில் ஒரு தட்டு, இடது காலில் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றிச் சீராகத் தட்டும். கால் ஒட்டிக்கொண்டவர்கள் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைக்கலாம். மனைவியின் கால் செய்ததை இந்தப் பெட்டி செய்யும் என்று அவர் புரிந்துகொண்டார்.

பட்டையைக் கட்டிவிட்ட டெக்னீஷியன் சின்ன வயதுப் பெண். கையில் ஒரு பலகைக் கணினி. தட்டின் பலத்தையும் வேகத்தையும் அதில்தான் மாற்ற முடியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினாள்.

"இது தெரியுதா சார்? எப்படி இருக்கு? இதைவிட வேகமா வேணுமா? இருங்க, இன்னொண்ணு காட்டறேன்."

காட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்று தெரிந்தது, ஆனால் ஓட்டமாக இருந்தது. ஒன்று மெதுவாக இருந்தது, ஆனால் தெரியவில்லை. ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. அவள் சாப்பிடப் போகவில்லை என்பது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. வெளியே இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். அந்த நிற்பு அவருக்குத் தெரியாதா? மேஜை முழுக்கத் துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு இவரே அப்படி நின்றவர்தானே. இத்தனையும் பிரிக்க வைத்துவிட்டு வாங்காமல் எழுந்து போகிற ஆளாக இருக்க அவரால் முடியவில்லை.

"இதுவே நல்லாருக்கும்மா. இதையே போட்டுடுங்க."

அப்போது ஓடிக்கொண்டிருந்தது அந்த ஈ மாதிரியான தட்டு.

பெண்ணின் முகம் மலர்ந்தது. "நடந்து காட்டுங்க சார்" என்றாள். நடந்தார், நன்றாகவே நடந்தார். தாழ்வாரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாகத் தரை. ஒரு கதவுகூட நடுவில் இல்லை. மகள் வாயில் கைவைத்து நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டெக்னீஷியன் அந்த அளவைப் பெட்டியில் பதித்துப் பூட்டி, அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று அனுப்பினாள்.

வீட்டுத் தரை ஒரே வெள்ளை. கோடு கிடையாது. உள்ளறைக் கதவு முன்னால் கால் எப்போதும்போல ஒட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் ஈ உட்கார்ந்து எழுந்தது. "பழகணும்ப்பா, எடுத்தவுடனே வந்துருமா?" என்று மகள் சொன்னாள். அவரும் ஆமாம் என்றார். நல்லாருக்கு என்று சொன்ன வாய், இல்லை என்று எப்படிச் சொல்லும்?

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் உள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, தண்ணி தீர்ந்துபோச்சு. முடியுமா பாருங்க."

அவர் மூடி போட்ட பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். கையும் நடுங்கும், டம்ளரில் கொண்டுபோனால் தரைதான் குடிக்கும். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். நிலைவாசல் வந்தது. நின்றார். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாட்டில் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தால் கட்டில். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். அவர் காலைப் பார்த்தார், கால் அவரைப் பார்த்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: "பரவாயில்லை. தாகம் அடங்கிடுச்சு."

கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நின்றார். வெயில் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகும் வரை நின்றார். மகள் வந்து தெருக்கதவைத் திறந்தபோதும் அங்கேயேதான் நின்றார். அவள் பாட்டிலை அவர் கையிலிருந்து பிடுங்கி உள்ளே கொண்டுபோனாள். மனைவி பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் அடிவரை குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அவர் நிலைவாசலில் நின்று பார்த்தார். குடித்து முடித்து அவள் மூச்சு வாங்கினாள்.

அன்றைக்கே மகள் தம்பிக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும், முதலில் அம்மா, பிறகு அப்பா என்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், வேறு யாருக்காவது உதவும் என்று மகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டெக்னீஷியன் சிரித்த முகமாக வந்தாள்.

"எப்படி சார் இருக்கு நம்ம பட்டை?"

'நல்லா' வரைக்கும் தானாக வந்துவிட்டது. பழக்கதோஷம். அந்தப் பாட்டிலும் ஏறி இறங்கிய தொண்டையும் நினைவுக்கு வந்தன. மீதியை மாற்றிச் சொன்னார்.

"நல்லா இல்லம்மா."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பத்துல இருந்து சார்?"

"மொதல்லேர்ந்தே. அது தட்டுறதே எனக்குத் தெரியலை."

பெண்ணுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? "அன்னிக்கு நல்லாருக்குன்னு சொன்னீங்களே! அதை நம்பித்தானே நான் பூட்டினேன். ஏன் சார் சொல்லலை?"

"அவ்வளவு பிரிச்சுக் காட்டினீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. "இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். டெக்னீஷியன் தாழ்வாரத்துக் கறுப்பு வெள்ளைத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தக் கோட்டைப் பார்த்தே நடந்திருக்கீங்க. தரையில கோடு இருந்தா அதைத் தாண்டக் கால் தானா எழும்பும். இங்க நடக்க விட்டுப் பார்த்தது என் தப்புதான்" என்றாள். பிறகு அவரைப் பொருள் அடுக்கி வைக்கிற அறை வாசலுக்குக் கூட்டிப்போனாள். வெறும் சிமென்ட் தரை, குறுகலான கதவு. கால் உடனே ஒட்டிக்கொண்டது.

"இப்ப உண்மையைச் சொல்லுங்க. இது?"

"இல்ல."

"இது?"

"இதுவும் இல்ல."

முதல் இரண்டு 'இல்ல' சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. ஒரு கட்டத்தில் அவள் மாற்றி முடிப்பதற்குள்ளேயே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். "இருங்க சார், இன்னும் போடவே இல்லை" என்று அவள் சிரித்துவிட்டாள். கடைசியில் பட்டையைச் சதையிலிருந்து முன்பக்கம் திருப்பி எலும்பின்மேல் இறுக்கிக் கட்டினாள். பலத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைத்தாள். தட்டு எலும்பில் விழுந்தது. யாரோ கீழேயிருந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டதுபோல இருந்தது. கால் எழுந்தது. கதவைத் தாண்டி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்றார். திரும்பியும் வந்தார்.

வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போனாள். போகும்போது, "வண்டியை வேணாம்னு சொல்லிடவாப்பா?" என்று கேட்டாள். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டு உனக்குச் சொல்கிறேன் என்றார். அவருக்கு அந்த ஆசை இருந்தது.

பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். கூடத்தைக் கடந்தார். நிலைவாசலில் கால் நிற்கப் பார்த்தது. எலும்பில் தட்டு விழுந்தது. வலது கால் உள்ளே போயிற்று, இடது கால் பின்னால் வந்தது. கட்டில் பக்கத்தில் நின்று பாட்டிலை நீட்டினார். அவளை இத்தனை கிட்டத்தில் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இளைத்திருந்தாள். காதோரத்தில் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவள் அவர் காலைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், பிறகு வாங்கிக் குடித்தாள்.

"வந்துட்டீங்களே" என்றாள்.

"வந்துட்டேன். இனிமே நீ எங்கேயும் போக வேண்டியதில்லை. வண்டியை வேணாம்னு சொல்லிடலாம். பொண்ணே சொல்லிட்டா."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். நேரம் எடுத்துக்கொண்டு மூடினாள்.

"நான் போறேங்க."

"எங்கே?"

"அவ வீட்டுக்குத்தான். ஞாயித்துக்கிழமை."

"அதான் நான் நடக்கறேனே."

"அதனாலதான் போறேன்." அவள் குரல் உயரவில்லை. மருந்துக்கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிறவள் குரல்தான். "நீங்க நடக்காம இருந்தவரைக்கும் எனக்குப் போக மனசு வரலை. படுத்துக் கிடந்தாலும் ஒரு காது கூடத்துலதான் இருந்துச்சு. இப்ப நடந்துட்டீங்க. எனக்குக் கொஞ்ச நாள் யாரோட காலையும் பார்க்காம இருக்கணும்."

"என் மேல கோபமா?"

"கோபம் எல்லாம் இல்ல. எதுவுமே இல்ல. அழுகைகூட வரமாட்டேங்குது. அன்னிக்குத் தாகம் அடங்கிடுச்சுன்னு சொன்னேனே, நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு. அப்பவும் உங்களைப் பார்த்து ஒண்ணும் தோணலை. அதுதான் பயமா இருக்கு."

தன்னிடம் இருந்ததுதான் அவளிடமும் இருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும், இரண்டு பேரும் மரத்துக் கிடந்திருக்கிறார்கள்.

"எத்தனை நாள்?"

"தெரியலை. பொய் சொல்ல விரும்பலை."

அப்போதுதான் வலித்தது. எங்கே என்று கேட்டால் காட்டத் தெரியாது. இத்தனை மாதம் தேடிக் கிடைக்காத வலி மொத்தமாக வந்து இறங்கியது. முகம் மட்டும் எப்போதும்போல அசையாமல் இருந்ததால் அவளுக்கு அது தெரிய வழியில்லை. சொன்னால்தான் உண்டு.

"நீ போறது எனக்குப் பிடிக்கலை" என்றார். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை.

"தெரியும்" என்றாள். பிறகு, "போகட்டுமா?" என்று கேட்டாள்.

"போ."

அவள் தலையணையில் சாய்ந்தாள். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்க அவளே முயன்று, பல்லைக் கடித்து, திரும்பினாள். முதுகு அவர் பக்கம் இருந்தது.

"வெளிய போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. கொஞ்ச நேரம் தூங்கறேன்."

அந்தக் கதவை அவள் படுத்த நாளிலிருந்து யாரும் சாத்தியதில்லை. அவர் திரும்பினார். தட்டு விழுந்தது, கால் எழுந்தது. எங்கேயாவது ஒட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாதா என்று இருந்தது. கால் நிற்கவில்லை. நிலையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.